துருப்பிடித்த செவ்வாய்க்கிழமைகள்

பழைய இழைப்புளி ஒன்றை யாராவது உங்கள் கையில் கொடுத்து, "இதைப் பிரித்துத் துடைத்துத் தருகிறீர்களா?" என்று கேட்டால், யோசிக்காமல் சரி என்று சொல்லிவிடுங்கள். அப்புறம் வாரத்தில் ஒரு நாள் உங்களுடையதாக இருக்காது. நகக்கண்ணில் ஏறிய கறுப்பு எந்தச் சோப்புக்கும் மசியாது. கைப்பையைத் திறந்தால் மண்ணெண்ணெய் வாடை அடிக்கும். பழைய சாமான் கடையைக் கண்டால் கால் தானாக நின்றுவிடும். எனக்கு இத்தனையும் நடந்தது, ஒன்றுக்கும் நான் வருத்தப்படவில்லை. இங்கிலாந்துக்கு வந்த பிறகு எனக்கு வாய்த்த ஆகச் சிறந்த பொழுது எது என்று கேட்டால், சவுத்தாம்ப்டனுக்கு மேற்கே, நியூ ஃபாரஸ்ட் காட்டின் ஓரத்தில், நெட்லி மார்ஷ் என்ற சிற்றூரின் பட்டறையில் துரு தேய்த்துக் கழித்த செவ்வாய்க்கிழமைகளைத்தான் சொல்வேன்.

அந்தப் பட்டறை 'டூல்ஸ் ஃபார் செல்ஃப் ரிலையன்ஸ்', அதாவது 'தற்சார்புக்கான கருவிகள்', என்ற தொண்டு நிறுவனத்துடையது. 1979இல் கிளின் ராபர்ட்ஸ் என்பவர் தொடங்கியது. நிறுவனம் என்றதும் கண்ணாடிக் கட்டடம், வரவேற்பறை, கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் ஆட்கள் என்று கற்பனை செய்ய வேண்டாம். சம்பளத்துக்கு வருகிறவர்கள் கொஞ்சம், சும்மா வேலை செய்ய வருகிறவர்கள் நிறைய. பிரிட்டன் வீடுகளின் தோட்டக் கொட்டகையிலும் கார் ஷெட்டிலும் பரணிலும் தூங்கிக்கொண்டிருக்கும் கைக்கருவிகளைத் திரட்டி, துரு நீக்கி, சாணை பிடித்து, தொழில்வாரியாகப் பெட்டி கட்டி, ஆப்பிரிக்காவில் தொழில் கற்கும் குழுக்களுக்கு அனுப்புவதுதான் வேலை. தான்சானியா, மலாவி, உகாண்டா, ஜாம்பியா, சியரா லியோன், கானா என்று பெட்டியில் ஒட்டும் சீட்டுகளை எழுதி எழுதியே நான் ஆப்பிரிக்க வரைபடம் படித்தேன். தான்சானியாவின் முதல் ஜனாதிபதி நைரேரே 1967இல் அருஷாப் பிரகடனத்தில் தற்சார்பை நாட்டின் கொள்கையாகவே அறிவித்தவர். இந்த நிறுவனத்தின் பெயரைக் கேட்கும்போதெல்லாம் அந்தக் காலத்துக் காற்று கொஞ்சம் அடிப்பதுபோல் எனக்குத் தோன்றும்.

பிரிட்டனில் எப்படி இவ்வளவு கருவி மிச்சம் கிடக்கிறது என்று முதலில் எனக்கும் புரியவில்லை. இந்த ஊர்த் தாத்தாக்களின் தலைமுறை முழுக்கக் கைத்தொழில் தலைமுறை. கப்பல் கட்டினார்கள், வண்டி செய்தார்கள், மரம் இழைத்தார்கள். வேலை நேரம் போக வீட்டுக் கொட்டகையிலும் ஏதாவது தட்டிக்கொண்டே இருந்தார்கள். பிறகு மின்சாரக் கருவிகள் வந்தன, தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாகப் பூட்டப்பட்டன, தாத்தாக்களும் போய்ச் சேர்ந்தார்கள். கொட்டகை மட்டும் அப்படியே இருக்கிறது. ரெக்கார்ட் இழைப்புளி, மார்ப்பிள்ஸ் உளி, ஸ்பியர் அண்ட் ஜாக்சன் ரம்பம், எல்லாம் ஷெஃபீல்டு நகரத்து எஃகு. பேரப்பிள்ளைகளுக்கு அது என்னவென்றே தெரியாது. பழைய இரும்புக்குப் போடவும் மனம் வராது.

அதனால் பட்டறை வாசலில் கார்கள் வந்து நிற்கும். பாட்டி ஒருவர் இறங்குவார். பின்கதவைத் திறந்தால் கணவரின் கருவிப்பெட்டி இருக்கும். பெட்டிக்குள் ஒவ்வொரு உளிக்கும் எண்ணெய்த் துணி சுற்றியிருக்கும். "அவர் இருந்தவரை என்னைத் தொட விடமாட்டார்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு, பெட்டியை ஒருமுறை தட்டிக்கொடுத்துவிட்டுப் போவார். இது அடிக்கடி நடக்கும். வாங்கிக்கொள்கிற முறை எனக்கு வந்தால் டீ குடித்துவிட்டுப் போங்கள் என்று பிடித்து உட்காரவைத்துவிடுவேன். இங்கிலீஷ்காரர்கள் துக்கத்தை வெளியே காட்டமாட்டார்கள் என்பார்கள். டீயைக் கையில் கொடுத்து, அந்த இழைப்புளியைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டுப் பாருங்கள், அப்புறம் தெரியும்.

இப்போது இழைப்புளிக்கு வருகிறேன். இதைச் சுருக்கிச் சொல்ல என்னால் முடியாது, மன்னியுங்கள்.

இரும்பு இழைப்புளி வரும்போது செங்கல் நிறத்தில் ஒரு கட்டியாக இருக்கும். எந்தத் திருகும் திரும்பாது. ஊடுருவும் எண்ணெயை விட்டு ஒரு ராத்திரியாவது ஊறப்போட வேண்டும். மறுவாரம் திருப்புளியை வைத்து மெல்ல அழுத்தினால் 'க்ரிக்' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்காகவே நான் பஸ் ஏறிப் போவேன். ஒவ்வொரு பாகமாகக் கழற்றி டப்பாவில் போட்டு, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, மண்ணெண்ணெயில் அலசி, அடிப்பாகத்தைத் தட்டையான கண்ணாடிமேல் ஒட்டிய உப்புத்தாளில் முன்னும் பின்னும் இழுத்துச் சமம் செய்ய வேண்டும். அடியில் நடுப்பக்கம் மட்டும் கறுப்பாக இருந்தால் அங்கே பள்ளம் என்று பொருள். கறுப்பு மறையும்வரை விடக்கூடாது. பிறகு அலகு. 25 பாகைச் சரிவில் சாணை பிடித்து, நுனியை மட்டும் 30 பாகையில் கல்லில் தீட்டுவது வழக்கம். பின்பக்கத்தைக் கண்ணாடி மாதிரிப் பளபளக்கவைத்து, கடைசியில் முழங்கை மயிரைச் சிரைத்துப் பார்ப்பார்கள். பட்டறைக் கிழவர்களின் இடக்கை எல்லாம் மொழுமொழுவென்றிருப்பதற்குக் காரணம் இதுதான்.

எல்லாவற்றையும் பூட்டி, பைன் மரக்கட்டையை வைஸில் இறுக்கி, ஒரு தள்ளு தள்ளினால், வாய்வழியாக மரம் சுருள் சுருளாக எழும்பி வரும். வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு மெலிதாக வந்தால் அதை எடுத்துப் பக்கத்து மேசைக்காரருக்குக் காட்டுவோம். அவர் ஒன்றும் சொல்லமாட்டார், தலையை மட்டும் ஆட்டுவார். எங்கள் பட்டறையில் பாராட்டு என்பது அவ்வளவுதான். ஆபீஸில் வருஷக்கடைசியில் தரும் சான்றிதழ்களை அதன் பக்கத்தில் வைக்க முடியாது.

மர இழைப்புளிகள் தனி ரகம். பெரும்பாலும் பீச் மரத்தில் செய்தவை. அவற்றின் முன்முகத்தில் பெயர் குத்தியிருக்கும். செய்த கம்பெனியின் பெயர் பெரிதாக, அதைச் சுற்றிலும் வாங்கி வேலை செய்த தச்சர்களின் பெயர்கள் சின்னச் சின்ன எழுத்தில். ஒருவர் போனதும் இன்னொருவர் வாங்கித் தம் பெயரையும் குத்தியிருப்பார். ஒரே கட்டையில் மூன்று ஆயுசு. சுத்தம் செய்யும்போது அந்தப் பெயர்களின்மேல் உப்புத்தாள் படக்கூடாது என்பது எங்கள் மேசையில் எழுதாத சட்டம். பெயர் குத்த இன்னும் இடம் மிச்சமிருக்கிறதா என்று நான் ஒவ்வொன்றிலும் பார்ப்பேன். அநேகமாக இருக்கும்.

ரம்பம் வேறு மாதிரி வித்தை. மரத்தை நீளவாக்கில் அறுக்கும் ரம்பத்தின் பல் உளியைப்போல் இருக்க வேண்டும். குறுக்கே அறுப்பதற்குக் கத்திமுனை மாதிரிப் பல். ஒவ்வொரு பல்லையும் முக்கோண அரத்தால் ராவி, ஒன்றை இடப்பக்கமும் அடுத்ததை வலப்பக்கமும் லேசாகச் சாய்த்துவிட வேண்டும். அப்போதுதான் ரம்பம் மரத்தில் சிக்காமல் ஓடும். இதற்கெல்லாம் எனக்குப் பொறுமை போதாது என்று முதல் நாளே தெரிந்துவிட்டது. அதற்கென்று ஒரு மனிதர் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார், ரேடியோவைச் சின்னதாக வைத்துக்கொண்டு. அவர் ராவிய ரம்பத்துக்குக் கட்டளை போட்டால் அதுவே அறுத்துக்கொள்ளும் என்று பேச்சு.

என் மனம் போய் விழுந்தது தையல் மிஷின்களில். பழைய சிங்கர் ஒன்றைத் திறந்து பார்க்காதவர்களுக்கு இந்த ஆனந்தத்தை எப்படி விளக்குவது? கிளாஸ்கோ பக்கத்தில் கிளைட்பாங்க் ஊரில் இருந்த சிங்கர் தொழிற்சாலை ஒரு காலத்தில் உலகத்துக்கே மிஷின் அனுப்பியது. 1980இல் மூடிவிட்டார்கள். அங்கே ரயில் நிலையத்துக்கு இன்றைக்கும் சிங்கர் என்றுதான் பெயர். மாடல் எண்ணின் கடைசியில் 'கே' எழுத்து வந்தால் அது அந்தத் தொழிற்சாலையில் பிறந்தது. அடித்தட்டில் பதித்த வரிசை எண்ணைப் பட்டியலில் தேடினால் எந்த ஆண்டு என்று தெரிந்துவிடும். முதல் உலகப்போருக்கு முன் செய்த மிஷின் மேசைமேல் உட்கார்ந்திருக்கும். காய்ந்த எண்ணெய் பிசின்போல் இறுகிப்போய்ச் சக்கரம் அசையாது. மண்ணெண்ணெய் விட்டு, காத்திருந்து, ஷட்டிலில் சிக்கிய எந்தக் காலத்து நூலையோ ஊசிமுனையால் இழுத்தெடுத்து, புது எண்ணெய் விட்டுச் சுற்றினால், ஒரே சுற்றில் சக்கரம் பட்டுப்போல் ஓடும். நூறு வயது கடந்த இயந்திரம்! உடைந்தது ஒன்றுமே இருக்காது. நம் வீட்டு மிக்ஸி எத்தனை வருஷம் தாங்குகிறது என்று யோசித்துப் பாருங்கள்.

மோட்டார் வைத்த மாடல்களும் வரும். மின்சாரம் எட்டாத கிராமத்தில் மோட்டார் எதற்கு? அதைக் கழற்றிவிட்டு, ஆரக்கால் வைத்த சக்கரம் மாட்டி, கைப்பிடி பொருத்திக் கை மிஷினாக மாற்றிவிடுவோம். முன்னேற்றத்தைப் பின்னோக்கித் திருகும் வேலை என்று ஒருவர் கேலி செய்தார். எனக்கு அது நேர்மாறாகத்தான் படுகிறது. எல்லாம் சரியானதும் துணித்துண்டு ஒன்றில் நேர்த்தையல் போட்டு, மேல்நூலும் பாபின் நூலும் சமமாகப் பிடிக்கின்றனவா என்று பார்த்து, அந்தத் துண்டை ஊசிக்குக் கீழேயே விட்டு மூடுவேன். திறக்கிறவர் முதலில் பார்ப்பது இந்த மிஷின் போட்ட தையலாக இருக்கட்டும் என்று.

தையல் மிஷின் ஒரு வீட்டுக்குள் வந்தால் என்ன நடக்கும் என்று தமிழர்களுக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. ஆதரவற்ற பெண்களுக்கு அரசு இலவசத் தையல் இயந்திரம் கொடுக்கும் திட்டமே சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் நம்மிடம் இருக்கிறது. ஜாக்கெட் தைத்துப் பிள்ளைகளைக் காலேஜுக்கு அனுப்பிய அம்மா தெருவுக்கு ஒருவர் இருப்பார். இயந்திர மோகத்தைக் கடிந்துகொண்டே இருந்த காந்திகூட சிங்கர் மிஷினுக்கு விலக்குக் கொடுத்தார். 1924இல் அவரை மடக்கி இயந்திரங்களைப் பற்றிக் கேள்வி கேட்ட இளைஞர் ஜி. ராமச்சந்திரன், பின்னாளில் தம் மனைவி சௌந்திரம் அம்மாவோடு சேர்ந்து 1947இல் திண்டுக்கல் பக்கம் காந்திகிராமத்தைத் தொடங்கியவர். மலாவியில் கடைத் திண்ணைகளில் வரிசையாக மிஷின் போட்டு ஆண்கள் தைத்துக்கொண்டிருக்கும் படங்களைப் பார்த்திருக்கிறேன். சீத்தேஞ்சே என்ற பூப்போட்ட துணியை நீங்கள் கடையில் வாங்கினால், திண்ணையிலேயே அளவெடுத்துத் தைத்துக் கொடுத்துவிடுவார்கள். அப்படியே நம் ஊர் பஜார்.

இனி மனிதர்கள். சவுத்தாம்ப்டனில் டிரான்சிட் வேன் செய்த ஃபோர்டு தொழிற்சாலை 2013இல் மூடப்பட்டது. வூல்ஸ்டன் கப்பல் பட்டறை அதற்கும் முன்பே போய்விட்டது. அந்தத் தொழில்களில் வயதான கைகள் செவ்வாய்க்கிழமை எங்கள் மேசைகளுக்கு வரும். கூடவே ஓய்வுபெற்ற டீச்சர், மருத்துவமனையில் இரவு வேலை முடித்துவிட்டு நேரே வரும் ஒரு பிலிப்பினோப் பெண், வேலை தேடிக்கொண்டிருக்கும் பையன்கள், கணக்கெழுதிப் பிழைக்கும் நான். இந்த ஊர்க் கிழவர்கள் எல்லாப் பெண்களையும் 'லவ்' என்றுதான் கூப்பிடுவார்கள். முதல் வாரம் திடுக்கிட்டேன், இப்போது பழகிவிட்டது. யாரும் யாருக்கும் மேலதிகாரி இல்லை. தெரிந்தவர் சொல்லிக்கொடுப்பார், தெரியாதவர் கேட்டுக்கொள்வார். உங்கள் வேலை என்ன, வீடு எங்கே, எந்த நாடு என்று மாதக்கணக்கில் ஒருவரும் கேட்கமாட்டார்கள். ஆனால் உங்களுக்குப் பிடித்த அரம் எது என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கும். புலம்பெயர்ந்து வந்த ஊரில் சிநேகிதம் பிடிப்பது எவ்வளவு கடினம் என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். பேச்சில் தொடங்கும் சிநேகிதத்தைவிட வேலையில் தொடங்குவது எனக்கு லேசாக இருந்தது. பதினோரு மணி டீக்கு எல்லாக் கருவியும் கீழே வைக்கப்படும். பிஸ்கட் விஷயத்தில் மட்டும் கடுமையான கட்சிப் பிரிவினைகள் உண்டு. அதற்குள் நான் போகவில்லை.

இவ்வளவு கொண்டாடுகிறவள் ஒரு சந்தேகத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும். மேற்கிலிருந்து போகும் தானங்களில் நிறையக் குப்பையும் போகிறது. தனக்கு வேண்டாத கிழிசலைக் கொடுத்துவிட்டுப் புண்ணியம் தேடும் புத்தி எல்லா நாட்டிலும் உண்டு. எங்கள் பட்டறையில் இதற்கு ஒரே கேள்விதான்: "இதை உன் வேலைக்கு நீ வைத்துக்கொள்வாயா?" இல்லை என்றால் பெட்டியில் ஏறாது. இன்னொன்று, கிடைத்ததை அள்ளிப் போட்டு அனுப்புவதில்லை. தச்சு, கொல்லுவேலை, கட்டட வேலை, மெக்கானிக், தையல் என்று தொழிலுக்கொரு பட்டியல் உண்டு. தச்சுப் பெட்டி என்றால் ரம்பம், இழைப்புளி, உளிகள், கொட்டாப்புளி, மூலைமட்டம், சாணைக்கல் எல்லாம் இருந்தால்தான் மூடி விழும். சாணைக்கல் இல்லாமல் உளியை மட்டும் அனுப்பினால் சில மாதத்தில் மொக்கை இரும்புதான் மிஞ்சும். சேகரிப்பாளர்கள் ஆசைப்படும் அபூர்வக் கருவிகளும் சிலசமயம் வரும். லண்டன் நாரிஸ் இழைப்புளி போன்றவை. அவற்றை இங்கேயே விற்றுவிட்டு, அந்தக் காசைப் பயிற்சிக்குக் கொடுத்துவிடுவார்கள். ஒரு கிழட்டு இழைப்புளி ஆசைக்காரர் கையில் போய் ஒரு பயிற்சி வகுப்பாக மாறுவது எனக்கு இன்னும் அதிசயமாகத்தான் இருக்கிறது.

சீனத்து மலிவுக் கருவி அங்கே சந்தையிலேயே கிடைக்கும்போது கப்பலில் பழசை அனுப்புவானேன் என்று கேட்பவர்கள் உண்டு. நல்ல கேள்வி. மலாவிக்குக் கடலே கிடையாது. மொசாம்பிக்கின் பெய்ரா துறைமுகத்திலோ டார் எஸ் சலாமிலோ இறக்கி, அங்கிருந்து லாரியில் போயாக வேண்டும். செலவு இருக்கத்தான் செய்கிறது. ஆனால் மலிவு உளியையும் பழைய ஷெஃபீல்டு உளியையும் ஒரே கல்லில் தீட்டிப் பார்த்தவள் நான். ஒன்று மதியத்துக்குள் மழுங்கும், மற்றொன்று தலைமுறை தாண்டும். அதோடு கருவி மட்டும் போவதில்லை. அங்குள்ள உள்ளூர் அமைப்புகளோடு சேர்ந்து தொழில் பயிற்சியும், கணக்கு வைப்பது, விலை போடுவது, சேர்ந்து சேமிப்பது போன்ற வியாபாரப் பயிற்சியும் கொடுக்கப்படுகிறது. கருவி வந்தும் விலை போடத் தெரியாமல் நொடித்துப்போன தொழிலாளிகளை நம் ஊரில் பார்த்திருக்கிறோமே. கணக்கெழுதுகிறவளுக்கு இந்த அமைப்பின்மேல் வந்த மரியாதையில் பாதி அதனால்தான்.

நான் ஆப்பிரிக்காவில் கால் வைத்ததில்லை. அதைச் சொன்னால் சிலருக்கு ஏமாற்றம். தொண்டு என்றால் விமானம் ஏறி, குழந்தைகளோடு படம் பிடித்து, சுவருக்கு வெள்ளையடித்துவிட்டுத் திரும்புவது என்று ஒரு படம் எல்லோர் மனதிலும் பதிந்திருக்கிறது. 1958இல் தொடங்கிய விஎஸ்ஓ போன்ற தன்னார்வ அமைப்புகள் டாக்டரையும் ஆசிரியரையும் நீண்டகாலத்துக்கு அனுப்பும்போது அதற்கு அர்த்தம் உண்டு. ஒன்றும் தெரியாத நான் போய் இரண்டு வாரம் செங்கல் அடுக்கினால், அங்கே இருக்கும் கொத்தனாரின் கூலியைப் பறித்தவள் ஆவேன். விமான டிக்கெட் காசுக்கு எத்தனை பெட்டி கப்பலேறும் என்று நான் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். விடை யாரையும் சங்கடப்படுத்தும். அதனால் சொல்லவில்லை.

சின்ன அமைப்பாக இருப்பதுதான் இதன் பெரிய அழகு. பெரிய தொண்டு நிறுவனங்களுக்கு நானும் மாதாமாதம் பணம் கட்டியிருக்கிறேன். நன்றி அட்டை வரும், கூடவே இன்னும் கொஞ்சம் கேட்டுக் கடிதமும் வரும். அதில் தப்பில்லை. ஆனால் இங்கே நான் துடைத்த மிஷின், நான் எழுதிய சீட்டு, நான் ஒரு முனையைப் பிடித்து லாரியில் ஏற்றிய பெட்டி. எதுவும் நான்கு கை தாண்டி மங்கிப்போவதில்லை. யாராவது ஒருவர் உடம்புக்கு முடியாமல் வராவிட்டால் ஒரு பெட்டி அந்த வாரம் மூடப்படாமல் நிற்கும். உங்கள் வருகை அவ்வளவு எடை பெறும் இடம் வாழ்க்கையில் எத்தனை கிடைக்கும்?

பிரிட்டனில் இருக்கும் தமிழர்களே, வீடு வாங்கும்போது கொட்டகையில் பழைய ஆள் விட்டுப்போன இரும்பெல்லாம் அப்படியே கிடக்கிறதா? குப்பை லாரிக்குப் போடாதீர்கள். துரு தேய்க்கவும் முயல வேண்டாம், அது எங்கள் சந்தோஷம். இதே வேலையைச் செஷம் ஊரில் 'வொர்க்எய்ட்' செய்கிறது. கோல்செஸ்டரில் 'ரீ-சைக்கிள்' பழைய சைக்கிள்களை ஆப்பிரிக்காவுக்கு அனுப்புகிறது. உங்கள் பக்கம் எது இருக்கிறது என்று விசாரித்து, முடிந்தால் ஒரு பகல் நேரில் போய்ப் பாருங்கள். உளி பிடிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, தெரிந்தவர்கள் பக்கத்திலேயே இருப்பார்கள். பழைய சட்டை போட்டுக்கொண்டு போங்கள். டீ அவர்கள் கொடுப்பார்கள், பிஸ்கட் மட்டும் நீங்கள் வாங்கிப் போவது நல்லது.